காலி அறையும் வடக்கு ஜன்னலும்

இன்னைக்கு எபிசோடுல ராஜா இல்லை, போர் இல்லை, கோட்டை இல்லை. ஒரே ஒரு அறைதான் இருக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஆம்பூர்ல எங்க வீட்டோட பின்பக்க அறை.

அந்த அறையில எங்க அம்மா இருபது வருஷத்துக்கு மேல ஷூ அப்பர் தைச்சாங்க. ஆம்பூர்க்காரங்களுக்கு இதை விளக்க வேண்டாம். மத்தவங்களுக்காகச் சொல்றேன். ஷூவோட மேல்பாகத்தைத்தான் அப்பர்னு சொல்வோம். சில வகை ஷூக்களுக்கு அந்தத் துண்டுகளைக் கையாலதான் ஊசி நூல் வெச்சு இணைக்கணும். கம்பெனியில இருந்து ஏஜென்ட் மூட்டையா கொண்டு வந்து வீடு வீடாப் போட்டுட்டுப் போவார். ஜோடிக் கணக்குல கூலி. பார்வை மங்க ஆரம்பிச்சதும் ரெண்டு வருஷம் முன்னாடி அம்மா நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் அந்த ரூம்ல உடைஞ்ச கட்டில், மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, அரிசி மூட்டைன்னு சேர்ந்துடுச்சு.

நான் படம் வரையறவன். பொழைப்பு வேற, சாயங்காலத்துலயும் ஞாயித்துக்கிழமையும் வரைவேன். ஹால்ல ஈசலை நிறுத்தினா டிவி பார்க்கிறவங்களுக்கு மறைக்கும். ஒருநாள் அம்மாவே, “அந்த ரூமை எடுத்துக்கோயேன்டா”ன்னாங்க. அங்கே ஆரம்பிச்சதுதான் இந்தக் கதை.

வீட்டுல ஓவிய அறை அமைக்கிறது எப்படின்னு படிக்க ஆரம்பிச்சேன். எல்லா இடத்துலயும் முதல் விதி ஒண்ணுதான்: ஜன்னல் வடக்குப் பக்கம் இருக்கணும். உடனே கொத்தனாரைக் கூப்பிட்டு வடக்குச் சுவரை உடைச்சு நாலடி அகலத்துக்கு ஜன்னல் வெச்சேன். அம்மா வாசப்படியில நின்னு பார்த்துட்டு, “வடக்காலயா உடைக்கிற? வைகாசியில வெயில் உள்ள வருமே”ன்னாங்க. “வடக்குல எப்படிம்மா வெயில் வரும், புத்தகத்துலயே போட்டிருக்கு”ன்னு நான் சிரிச்சேன்.

வைகாசி வந்துச்சு. காலையில ஏழரை மணிக்கு வெயில் சாய்வா உள்ளே நுழைஞ்சு நேரா என் ஈசல் மேலேயே விழுந்துச்சு. சாயங்காலம் எதிர்ச் சுவர்ல. நடுப்பகல்ல மட்டும் சன்ஷேடு காப்பாத்திச்சு. அப்பத்தான் எனக்குள்ள கேள்வி வந்துச்சு. இந்த விதியை யார் எழுதினாங்க? எந்த ஊருக்காக எழுதினாங்க?

வடக்கு வெளிச்சம் யாருடைய விதி?

ஓவியன் வடக்கு வெளிச்சத்துல வேலை செய்யணும்ங்கிறது ஐரோப்பாவுல ரொம்பப் பழைய அறிவுரை. லியோனார்டோ டா வின்சியோட குறிப்புகள்லயே அது இருக்கு. சின்ன அறை மனசைக் கூர்மையாக்கும், பெரிய அறை அலையவிடும்ங்கிற மாதிரியும் அவர் எழுதி வெச்சிருக்கார். வாடகை வீட்டுக்காரங்களுக்கு இதைவிட ஆறுதல் கிடையாது.

இதுக்குப் பின்னால இருக்கிற காரணம் எளிமையானது. பூமியின் வடபாதியில, கடக ரேகைக்கு மேல இருக்கிற ஊர்கள்ல நடுப்பகல் சூரியன் எப்பவும் தெற்குப் பக்கம்தான் நிற்கும். அதனால வடக்கு ஜன்னல் வழியா நேர் வெயில் பெரும்பாலும் வராது. வானத்தோட பொதுவான வெளிச்சம் மட்டும் வரும். அது நாள் பூரா பெருசா மாறாது. நிழல் நகராது. உட்கார்ந்திருக்கிற ஆளோட மூக்கு நிழல் காலையில ஒரு பக்கம், மதியம் ஒரு பக்கம்னு இருந்தா அந்த முகத்தை எப்படி வரையறது?

இப்ப ஆம்பூருக்கு வாங்க. நம்ம ஊர் ஏறத்தாழ 12.8 பாகை வடக்கு அட்சத்துல இருக்கு. கடக ரேகைக்குக் கீழ. ஏப்ரல் கடைசி வாரத்துல சூரியன் நம்ம தலைக்கு நேர் மேல வந்து, அதைத் தாண்டி வடக்கே போயிடும். ஆகஸ்ட் மூணாவது வாரத்துலதான் திரும்பி வரும். நடுவுல மூணரை மாசத்துக்கு மேல நமக்கு நடுப்பகல் சூரியனே வடக்குப் பக்கம்தான். ஜூன் மாசம் சூரியன் உதிக்கிறதும் மறையறதும் நேர் கிழக்கு மேற்கிலிருந்து நல்லா வடக்கே தள்ளி. அப்ப வடக்கு ஜன்னலுக்குக் காலையும் மாலையும் வெயில் வராம என்ன செய்யும்? அம்மா புத்தகம் படிக்கலை. இருபது வைகாசி அந்த அறையில உட்கார்ந்திருந்தாங்க, அவ்வளவுதான்.

எங்க ஊருக்கு இந்த விஷயம் புதுசு இல்லைங்கிறதையும் சொல்லிடணும். தோல் தொழில்ல தரம் பிரிக்கிறவங்க வெளிச்சத்தைப் பத்தி ரொம்பக் கறாரா இருப்பாங்க. நேர் வெயில்ல தோலைப் பார்த்தா பளபளப்பு கண்ணை ஏமாத்தும். டியூப்லைட்ல சரியாப் பொருந்தின நிறம் வாசலுக்குக் கொண்டு வந்தா வேறயாத் தெரியும். இன்னைக்கு நிறம் பார்க்க டி65னு ஒரு தர விளக்கு உபயோகிக்கிறாங்க. அந்த விளக்கு நகல் எடுக்கிறது எதைத் தெரியுமா? பகல் வெளிச்சத்தை. ஓவியனும் தோல் பார்க்கிறவரும் தேடினது ஒரே வெளிச்சம்தான்.

மாமியார் வீட்டு மாடி அறை

ஓவிய அறைன்னதும் பெரிய கண்ணாடிக் கூரை, உயரமான மண்டபம்னு ஒரு கற்பனை நமக்கு இருக்கு. ஆனா உலகப் புகழ் பெற்ற ஓவியங்கள் பல வீட்டு அறைகள்ல பிறந்தவை. டச்சு ஓவியர் யோஹான்னஸ் வெர்மீர் 1675 டிசம்பர்ல இறந்தார். 1676-ல அவர் வீட்டுல இருந்த பொருட்களை அறை வாரியாப் பட்டியல் போட்டாங்க. கடன் அதிகம், அதனால கணக்கு எடுத்தாங்க. மாடியில தெருப் பக்க அறையில ரெண்டு ஈசல், மூணு வண்ணத் தட்டு, பத்து கான்வாஸ், ஒரு மேஜை, அப்புறம் தனித்தனியா எழுதத் தகுதியில்லாத தட்டுமுட்டுச் சாமான். டெல்ஃப்ட் நகரத்துல அந்த வீடு அவர் மாமியாருடையது. அதே வீட்டுல குழந்தைகள் மட்டும் பதினோரு பேர். அவர் படங்கள்ல இருக்கிற அமைதியை நினைச்சுப் பாருங்க. அந்த அமைதி கதவுக்கு இந்தப் பக்கம் மட்டும் இருந்திருக்கணும்.

வெர்மீர் காலத்துல வீட்டு அறையில வரையறது இன்னும் கஷ்டம். நிறத்தைக் கல்லுல அரைச்சு எண்ணெயில குழைக்கணும். வெச்சிருந்தா காய்ஞ்சு போகும். 1841-ல ஜான் காஃப் ராண்டுங்கிற அமெரிக்க ஓவியர், அமுக்கினா வண்ணம் வெளியே வர்ற தகர டியூபுக்குக் காப்புரிமை வாங்கினார். பற்பசை மாதிரி. மூடி வெச்சா அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் வண்ணம் காயாது. என்னை மாதிரி வாரத்துல ஒருநாள் வரையறவனுக்கு ஒரு அறை போதும்னு ஆனதுக்கு அந்தச் சின்ன டியூப்தான் காரணம்.

நம்ம பக்கம் அறை எங்கே இருந்தது?

தமிழ்நாட்டுல ஓவியத்துக்குன்னு தனி அறைங்கிற யோசனையே ரொம்பப் பிந்தியது. தஞ்சாவூர் ஓவியத்தை எடுத்துக்குங்க. பலாப் பலகை மேல துணி ஒட்டி, சுண்ணக் கலவை பூசி, தேய்ச்சு, புடைப்பு வேலை செஞ்சு, கண்ணாடிக் கல் பதிச்சு, தங்கத் தாள் ஒட்டணும். அதுக்கு ஈசல் தேவையில்லை. பலகையைத் தரையில படுக்க வெச்சு வேலை செய்யலாம். முற்றத்து வெளிச்சம் வர்ற கூடம் போதும். குடும்பமே சேர்ந்து செய்யும் வேலை. வீடும் பட்டறையும் ஒண்ணு. அந்தப் படம் போய்ச் சேர்ற இடமும் பூஜை அறை. இருட்டான அறையில விளக்குச் சுடர் ஆடும்போது புடைச்ச தங்கம் மினுங்கணும். அதுக்கு வேண்டிய வெளிச்சமே வேற.

ஈசலும் எண்ணெய் வண்ணமும் உட்காரும் மாடலும் இங்கே வந்தது ஆங்கிலேயர் காலத்துல. 1850-ல அலெக்சாண்டர் ஹன்டர்ங்கிற அறுவை மருத்துவர் சென்னையில, தன் சொந்தச் செலவுல, ஒரு கலைப் பள்ளி ஆரம்பிச்சார். கொஞ்ச வருஷத்துல அரசாங்கம் அதை எடுத்துக்கிட்டது. இன்னைக்கு சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியா இருக்கிறது அதுதான்.

கலைப் பள்ளிக்குப் போகாமலே எண்ணெய் வண்ணத்தை வீட்டுக்குள்ள கொண்டு வந்தவர் ராஜா ரவி வர்மா. 1848-ல கிளிமானூர்ல பிறந்தார். பையனா இருக்கும்போது அரண்மனைச் சுவர்ல கரியால கிறுக்கினதைப் பார்த்த மாமா, அடிக்காம, சொல்லிக்கொடுத்தார்னு ஒரு செய்தி உண்டு. அப்புறம் திருவனந்தபுரம் அரண்மனைக்குப் போய், அங்கே வந்த தியோடர் ஜென்சன்ங்கிற ஐரோப்பிய ஓவியர் வேலை செய்யறதைப் பார்த்துக் கத்துக்கிட்டார். தம்பி ராஜ ராஜ வர்மாவும் ஓவியர். அண்ணன்கூடவே ஊர் ஊராப் போனார், நாட்குறிப்பு எழுதினார். இவங்க ரெண்டு பேர் கதை நமக்குத் தெரியும்.

அதே வீட்டுல ஒரு தங்கையும் வரைஞ்சாங்க. மங்களா பாய் தம்புராட்டி. ரவி வர்மாவையே அவங்க வரைஞ்ச ஓவியம் ஒண்ணு இருக்கு. நல்ல கை. அண்ணன்கள் பம்பாய், பரோடா, மைசூர்னு அரண்மனை அரண்மனையாப் போனாங்க. தங்கைக்கு அறை வீட்டுக்குள்ளேயே நின்னுடுச்சு. அரண்மனையில அறைக்கு என்ன பஞ்சம்? அறை இருந்தும் எத்தனை படம் வெளியே போச்சுங்கிறதுதான் கேள்வி. இந்த இடத்தை ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வருவேன்.

அறைக்குக் காசு எங்கிருந்து வரும்?

அடுத்தது சோழமண்டலம். கே.சி.எஸ். பணிக்கர் சென்னைக் கலைப் பள்ளியோட முதல்வரா இருந்தார். அவர்கிட்ட படிச்ச பசங்க திறமைசாலிங்க. ஆனா படிப்பு முடிஞ்சதும் என்ன செய்வாங்க? விளம்பரக் கம்பெனி, ஜவுளி டிசைன், இல்லேன்னா கிளார்க் வேலை. வரையறது நின்னுடும். வரைய இடமும் கிடையாது, சென்னையில வாடகை குடுக்கக் காசும் கிடையாது.

அவங்க கண்டுபிடிச்ச வழி கைவினை. மாலை நேரத்துல பாத்திக் துணி செஞ்சாங்க. மெழுகை உருக்கித் துணியில கோடு போட்டு, சாயத்துல முக்கி எடுக்கிற வேலை. அது நல்லா வித்துச்சு. அந்தக் காசைச் சேர்த்து, 1966-ல ஈஞ்சம்பாக்கம் கடற்கரைப் பக்கம் எட்டுப் பத்து ஏக்கர் நிலம் வாங்கினாங்க. அப்ப அங்கே மணலும் சவுக்கும்தான். குடிசை போட்டுக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரும் வீடு கட்டும்போது வரையற இடத்தையும் சேர்த்துக் கட்டினாங்க. சுல்தான் அலி, நந்தகோபால், வாசுதேவ், சேனாதிபதின்னு இன்னைக்கு நாம பெருமையாச் சொல்ற பேர்கள் அங்கே வேலை செஞ்சவங்க. பகல்ல ஒரு பங்கு நேரம் விக்கிறதுக்குக் கைவேலை, மிச்ச நேரம் தனக்காக ஓவியம். கைவேலைதான் அறைக்குக் காசு கட்டிச்சு.

இதைப் படிச்சப்ப எனக்கு எங்க வீட்டுப் பின்னறை ஞாபகம் வந்துச்சு. அந்த அறையைக் கட்டினது அப்பா சம்பளத்துல. ஆனா சிமென்ட் தரை, கரண்ட் லைன், ஃபேன், என் காலேஜ் ஃபீஸ்ல ஒரு பங்கு, எல்லாம் ஜோடிக் கணக்குல வந்த காசு.

1996

எங்க ஊரைப் பத்திப் பேசும்போது 1996-ஐ விட முடியாது. அந்த வருஷம் ஆகஸ்ட் மாசம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிச்சு. தோல் பதனிடும் கழிவுநீரால பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டுப்போனதைப் பத்தின தீர்ப்பு. மாசு பண்ணினவங்களே செலவைக் கட்டணும்ங்கிற கொள்கையை இந்தியச் சட்டத்தோட பகுதின்னு அழுத்தமாச் சொன்ன வழக்கு. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவங்க இன்னைக்கும் இதைப் படிக்காம தாண்ட முடியாது.

அதே 1996, ஜூன் மாசம், ஜெனீவாவுல சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 177-ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றிச்சு. அது வீட்டிலிருந்து வேலை செய்யறவங்களுக்கானது. அதாவது எங்க அம்மாவுக்கானது. கம்பெனிக்குள்ள வேலை செய்யற தொழிலாளிக்கு என்ன மரியாதை, கூலி, பாதுகாப்போ, அது வீட்டுல செய்யறவங்களுக்கும் வேணும்ங்கிறது சாரம். இந்தியா இன்னும் அதுல சேரலை. ஆத்துக்கு ஒரு தீர்ப்புக் கிடைச்சுது. பின்னறைக்குக் கிடைக்கலை.

ஆத்துக்கும் ஓவிய அறைக்கும் இன்னொரு தொடர்பும் இருக்கு. 1797-ல வோக்லாங்கிற பிரெஞ்சு வேதியியலாளர், சைபீரியாவில கிடைச்ச ஒரு சிவப்புக் கனிமத்துல புது உலோகம் இருக்குன்னு கண்டுபிடிச்சார். அதோட சேர்மங்கள் அத்தனை நிறம் காட்டிச்சு. அதனால நிறத்துக்கான கிரேக்கச் சொல்லை வெச்சே குரோமியம்னு பேரு வந்துச்சு. அதுலேர்ந்து குரோம் மஞ்சள் வந்தது, வான்கோவோட சூரியகாந்திப் பூக்கள்ல இருக்கிற மஞ்சள். பிற்பாடு அதே உலோகத்தோட வேறொரு வடிவம் தோல் பதனிட வந்துச்சு. நம்ம பக்கம் முன்னாடி ஆவாரம் பட்டையிலதான் பதனிடுவாங்க. குரோம் வந்ததும் வாரக்கணக்கு வேலை மணிக்கணக்குக்கு வந்துடுச்சு. நீலம் பூத்த வெட் ப்ளூ தோலை எங்க ஊர்ல பார்க்காதவங்க யாரு?

ஆக, என் வண்ணப் பெட்டியிலயும் பாலாத்து மணல்லயும் ஒரே உலோகம். அதனால ஒரு பழக்கம் வெச்சிருக்கேன். பிரஷ் கழுவின தண்ணியைச் சாக்கடையில ஊத்தறதில்லை. ஒரு பழைய பக்கெட்டுல ஊத்தித் தெளிய விடுவேன். பிரஷ்ஷுல மிச்சமிருக்கிற வண்ணத்தை முதல்ல காகிதத்துல துடைச்சிடுவேன். அடியில படியற வண்டலைக் காயவெச்சுத் தனியாக் கட்டி வைப்பேன். என் ஒருத்தன் பக்கெட் ஆத்தைக் காப்பாத்தாதுன்னு தெரியும். ஆனா இந்த ஊர்ல வளர்ந்துட்டு அதை ஊத்தக் கை வரலை.

அம்மா உட்கார்ந்த இடம்

சரி, ஜன்னல் கதைக்கு வரேன். வெயில் விழற அறையை என்ன செய்யறதுன்னு தெரியாம அம்மாகிட்டயே போனேன். “நீ எங்கம்மா உட்கார்ந்து தைப்பே?”

இருபது வருஷமா அதே வீட்டுல இருந்திருக்கேன். அவங்க எங்கே உட்காருவாங்கன்னு கேட்டாத்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவங்க அறைக்குள்ள வந்து, அட்டைப்பெட்டிகளைக் காலால தள்ளிட்டு, மேற்குப் பக்கக் கதவுக்கு உள்ளே ரெண்டடி தள்ளி நின்னாங்க. “இங்கதான்.”

அந்தக் கதவு ஒரு சந்துக்குத் திறக்கும். எதிர்ல பக்கத்து வீட்டு மாடிச் சுவர், வெள்ளையடிச்சது. காலை வெயில் அந்தச் சுவர்ல பட்டு, மெத்துன்னு திரும்பி எங்க அறைக்குள்ள வரும். மதியத்துக்கு மேல மேற்கு வெயிலை அதே மாடிச் சுவர் மறைச்சிடும். காலையிலயும் மாலையிலயும் நேர் வெயில் கிடையாது. கறுப்புத் தோல்ல கறுப்பு நூல் தைக்கும்போது ஓட்டை தெரியணும். அதுக்காக நாலஞ்சு இடம் மாத்தி மாத்தி உட்கார்ந்து பார்த்து அவங்க கண்டுபிடிச்ச இடம் அது. தரையில முக்காலி தேய்ச்ச தடம் இன்னும் இருக்கு.

இப்ப என் ஈசல் அங்கேதான் நிக்குது. வடக்கு ஜன்னலுக்கு ரெண்டு பக்கமும் செங்குத்தாப் பலகை அடிச்சுச் சாய்வு வெயிலைத் தடுத்தாச்சு. அது காத்துக்கு நல்லது. எண்ணெய் வண்ணமோ டர்பன்டைனோ உபயோகிச்சா எதிரெதிரா ரெண்டு திறப்பு இருக்கிறது அவசியம்; பூட்டின அறையில அந்த நெடி தலைவலி கொண்டு வரும். சுவருக்கு வெள்ளை, தரையை அப்படியே விட்டுட்டேன். செலவுன்னு பார்த்தா ஜன்னலுக்கு ஆனதுதான் பெருசு. அம்மாவை முதல்லயே கேட்டிருந்தா அதுவும் மிச்சம்.

ஒரு விஷயம் மட்டும் முடிவாகலை. அறையை ஒழிக்கும்போது அம்மாவோட ஊசி டப்பா, மெழுகுக் கட்டி, விரலுக்குச் சுத்தற ரப்பர் துண்டு, எல்லாம் ஒரு பிஸ்கட் டின்ல கிடைச்சுது. வெளியே எடுத்து வைக்கவான்னு கேட்டேன். “இருக்கட்டும், ஓரமா வை”ன்னாங்க. அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு, நான் வரையறப்ப வந்து அந்த ஓரத்துல உட்கார்ந்தாங்க. ஒண்ணும் தைக்கலை. கண்ணு தெரியாதே. சும்மா உட்கார்ந்திருந்தாங்க. “இந்த ரூம்ல வேலையில்லாம உட்கார்ந்ததே இல்லைடா”ன்னாங்க.

மங்களா பாய் கதையைத் திரும்பச் சொல்றேன்னு சொன்னேன்ல? அரண்மனையில அவங்களுக்கு அறை இருந்துச்சு, வண்ணம் இருந்துச்சு. எங்க அம்மாவுக்கு அறையும் கைத்திறமையும் இருந்துச்சு; அதுல செஞ்சது எதுவும் அவங்களுடையது இல்லை. அவங்க தைச்ச ஷூ எந்த ஊர்க் கால்ல போச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது. என் படத்துல மட்டும் கீழே என் பேரை எழுதறேன். ஓவிய அறையோட வரலாற்றைப் படிச்சா ஈசல், ஜன்னல், வண்ண டியூப் எல்லாம் கிடைக்குது. அதே வெளிச்சத்துல உட்கார்ந்து கூலிக்கு வேலை செஞ்சவங்க பேரு அந்தக் கணக்குல இல்லை.

இப்போதைக்கு அறையில ரெண்டு நாற்காலி. ஈசல் பக்கம் ஒண்ணு, டின் பக்கம் ஒண்ணு.

உங்க வீட்டுல ஒரு காலி அறை இருந்து, அதை எதுக்காவது மாத்தணும்னு நினைச்சா, சுவரை உடைக்கிறதுக்கு முன்னாடி அங்கே யார் வேலை செஞ்சாங்கன்னு கேளுங்க. எங்கே உட்கார்ந்தாங்க, ஏன் அங்கேன்னும் கேளுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.